வானத்துக் கண்ணும் கொட்டக்குடி ஆற்றின் கணக்கும்

மலையில் செய்த மராமத்து பலித்ததா, பலிக்கவில்லையா? இந்தக் கேள்விக்கு இப்போதெல்லாம் வானத்திலிருந்து பதில் வருகிறது. செயற்கைக்கோள் படம் பிடிக்கிறது. திட்டத்துக்கு முன் ஒரு படம். திட்டத்துக்குப் பின் ஒரு படம். முதல் படத்தில் பழுப்பு. இரண்டாம் படத்தில் பச்சை. "பார்த்தீர்களா, வெற்றி!" என்று சொல்லிவிட்டால் போதும், அறிக்கை முடிந்தது, பைல் மூடியாயிற்று.

நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகள் அல்லர். 1957 அக்டோபர் 4-ந் தேதி முதல் ஸ்புட்னிக் வானில் ஏறியபோது உலகமே அண்ணாந்து பார்த்தது. மனிதன் வானத்தில் வைத்த அந்தக் கண், ஏழை எளியவனுடைய ஊருக்கும் ஓடைக்கும் பயன்பட வேண்டும் என்பதே நமது விருப்பம். ஆனால் தோழர்களே, சாட்சி கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணை உண்டு. வானத்திலிருந்து வந்த சாட்சிக்கு மட்டும் அதிலிருந்து விலக்குக் கொடுப்பானேன்? போடி மலைச் சரிவை வைத்தே அந்த விசாரணையை நடத்திப் பார்ப்போம்.

எந்த மலை, எந்தத் தண்ணீர்?

போடிநாயக்கனூருக்கு மேற்கே சுவர் வைத்தாற்போல் நிற்கிறது மலை. உச்சியில் போடிமெட்டு. மேட்டுக்கு அந்தப்புறம் கேரளத்தின் இடுக்கி ஜில்லா, ஏலமலை. அங்கே விழும் மழை பெரியாற்றுக்கு ஓடுகிறது. இந்தப்புறச் சரிவில் விழும் மழை குரங்கணி, கொட்டக்குடிப் பக்கமாக இறங்கி, கொட்டக்குடி ஆறாகிப் போடிக்கு வருகிறது. பிறகு தேனிப் பக்கம் போய் வைகையில் சேர்கிறது. 1959-ல் திறந்த வைகை அணைக்கு வந்து சேரும் தண்ணீரில் இதுவும் ஒரு பங்கு. மதுரைத் தொழிலாளி குழாயைத் திறந்து பிடிக்கும் குடத்தில் குரங்கணி மலையின் மழையும் இருக்கிறது.

இந்த மலையின் செல்வம் போடி வழியாகத்தான் என்றைக்கும் இறங்கியிருக்கிறது. வெள்ளைக்காரக் கம்பெனிக் காலத்தில் மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டக்குடிக்கு வந்தது. இன்று ஏலக்காய் வருகிறது. ஸ்பைசஸ் போர்டின் ஏலக் கூடம் போடியிலேயே இருக்கிறது. விடியற்காலையில் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி மலைக்குப் போகும் ஆணும் பெண்ணும்தான் அந்தக் காயைப் பறிக்கிறார்கள். மலையின் வாசனை ஏலக் கூடத்துக்கு ஒழுங்காக வந்து சேருகிறது. மலையின் தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேருகிறதா? பங்காருசாமி கண்மாயும் மீனாட்சியம்மன் கண்மாயும் கோடையில் எப்படிக் கிடக்கின்றன? போடி உழவன் கேட்கும் கேள்வி இதுதான்.

யார் பணம்?

நீர்வடிப்பகுதி என்ற சொல்லைச் சர்க்கார் காகிதத்தில் பார்த்திருப்பீர்கள். ஓர் ஓடைக்கு எங்கெங்கே விழுந்த மழை வந்து சேருகிறதோ, அந்த நிலம் முழுவதும் சேர்ந்து அந்த ஓடையின் நீர்வடிப்பகுதி. உச்சியில் மரம், நடுச் சரிவில் சமமட்ட வரப்பும் கல் தடுப்பும், அடிவாரத்தில் தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும் என்று மேலிருந்து கீழாக வேலை செய்தால், ஓடும் தண்ணீர் நடக்கும். நடக்கும் தண்ணீர் நிற்கும். நிற்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வரும். இதுதான் தத்துவம். நல்ல தத்துவம்.

1973-74-ல் வறட்சிப் பகுதித் திட்டம் வந்தது. 1994-ல் ஹனுமந்த ராவ் கமிட்டி பழைய முறையின் குறைகளைச் சொன்னது. 2009-10-ல் ஒருங்கிணைந்த நீர்வடிப்பகுதி மேலாண்மைத் திட்டம் பிறந்தது. 2015-ல் அது பிரதமர் பெயரிலான பாசனத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2021-22 முதல் 2025-26 வரை என்று வகுத்த இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் 49.5 லட்சம் ஹெக்டேர் இலக்கு. மத்திய சர்க்காரின் பங்கு 8,134 கோடி ரூபாய். சமவெளியில் ஹெக்டேருக்கு 22,000 ரூபாய், கடினமான பகுதிகளில் 28,000 ரூபாய் என்று விகிதம். இவ்வளவும் நமது பணம். தீப்பெட்டிக்குக்கூட வரியாகக் கொடுத்த பணம். பணம் போன இடத்தில் தண்ணீர் நின்றதா என்று கேட்க நமக்குப் பூரண உரிமை இருக்கிறது.

கண் எப்படிப் பார்க்கிறது?

1972-ல் அமெரிக்கா முதல் லாண்ட்சாட்டை ஏவியது. 1988 மார்ச் 17-ந் தேதி இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ, பைக்கனூர் தளத்திலிருந்து சோவியத் ராக்கெட்டில் ஏறியது. 2015 முதல் ஐரோப்பாவின் சென்டினல்-2 சுற்றுகிறது. இவை வெறும் போட்டோ எடுப்பதில்லை. பச்சை இலை சிவப்பு ஒளியைத் தின்றுவிடும். நமது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி வீசும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கோள் அளக்கிறது. வித்தியாசம் பெரிதானால் தழை அதிகம். சிறிதானால் வெறும் மண். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும்; ஆகவே குளமும் தனியாகத் தெரியும்.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. பழைய படங்கள் அழியாமல் இருக்கின்றன. 2008-ல் லாண்ட்சாட் படங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 2009 முதல் இஸ்ரோவின் புவன் தளத்தில் இந்தியப் படங்களைப் பார்க்கலாம். நீர்வடிப்பகுதி வேலைகளைக் கண்காணிக்கவே ஸ்ருஷ்டி என்ற பிரிவும், வேலை நடந்த இடத்தை அடையாளத்தோடு படம் பிடித்தனுப்ப த்ருஷ்டி என்ற செயலியும் வந்தன. காண்டிராக்டர் எழுதிய பில்லை மாற்றலாம்; மெஷர்மெண்ட் புத்தகத்தைத் திருத்தலாம்; பத்து வருஷத்துக்கு முன் வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திருத்த எந்த மேஸ்திரியாலும் ஆகாது. லஞ்சம் வாங்காத சாட்சி அது. அதனால்தான் அந்தச் சாட்சியை நாம் ஒதுக்கித் தள்ளாமல், ஒழுங்காக விசாரிக்கச் சொல்கிறோம்.

குறுக்கு விசாரணை

முதல் கேள்வி: எந்த மாதத்துப் படம்?

போடிச் சரிவின் அடிப்பகுதியில் இலவ மரம் மிகுதி. இலவம் இலையுதிர் மரம். கோடையில் காய் வெடிக்கும் சமயத்தில் கிளைகள் மொட்டையாக நிற்கும். மழைக்குப் பின் தழைக்கும். முந்தின படத்தை ஏப்ரலிலும் பிந்தின படத்தை டிசம்பரிலும் எடுத்தால், ஒரு மண்வெட்டி மண் தள்ளாமலே மலை பச்சையாகிவிடும்! ஆகவே இரண்டு படமும் ஒரே மாதத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். அந்த மாதமும் கோடை மாதமாக இருக்கட்டும். ஐப்பசியில் எல்லா மலையும் பச்சைதான்; பங்குனியில் எது பச்சை என்பதே பரீட்சை.

இரண்டாம் கேள்வி: எந்த வருஷத்து மழை?

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தைக் கைவிட்டது. இயல்பைவிட 62 சதவிகிதம் குறைவு. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதியாகச் சர்க்கார் அறிவித்தது. 2021-லோ இயல்பை மிஞ்சிக் கொட்டியது. 2017 கோடைப் படத்தையும் 2022 கோடைப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் எந்தத் திட்டமும் வெற்றித் திட்டம்தான். அது வருண பகவானின் கைவேலை. இலாகாவின் கைவேலை அல்ல. இதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் வழி எளிது. வேலை நடந்த ஓடையோடு, வேலை நடக்காத பக்கத்து ஓடையையும் சேர்த்துப் பார். இரண்டுக்கும் ஒரே மழை. இரண்டும் சமமாகப் பச்சையானால் வேலை பலிக்கவில்லை. வேலை நடந்தது கூடுதலாகப் பச்சையானால் அந்தக் கூடுதல்தான் வேலையின் பலன்.

மூன்றாம் கேள்வி: அது என்ன பச்சை?

கோளுக்குத் தழை தெரியும்; தழை எங்கிருந்து தண்ணீர் குடித்தது என்பது தெரியாது. ஆயிரம் அடி போர்வெல் போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சும் தென்னந்தோப்பும் பச்சைதான். அந்தத் தோப்புக்கு அடுத்த கால் ஏக்கர்க்காரனின் கிணறு வற்றிக் கிடந்தாலும் படம் பச்சையையே காட்டும். மாடு தின்னாத உண்ணிச்செடி மலைச் சரிவை மூடினாலும், கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டினாலும் பச்சைதான். 2018 மார்ச் 11-ந் தேதி குரங்கணி மலையில் எழுந்த தீயை யாரும் மறந்திருக்க முடியாது. மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட தீ அது. தீ பட்ட புல்சரிவு ஒரு மழைக்குப் பின் மறுபடி துளிர்த்துவிடும். படத்தில் காயம் ஆறிவிட்டது. ஆனால் முதல் மழையில் அடித்துச் செல்லப்பட்ட மேல்மண் திரும்பி வராது. அது அணையின் அடியில் வண்டலாகப் படுத்திருக்கும்.

நான்காம் கேள்வி: மரத்தின் கீழே என்ன?

ஏலமலையின் விசேஷமே இதுதான். ஏலம் நிழலில் வளரும் பயிர். மேலே பெருமரங்கள், கீழே ஏலச் செடி. வானத்திலிருந்து பார்த்தால் மர உச்சிதான் தெரியும். காடும் தோட்டமும் ஒன்றுபோலவே இருக்கும். கீழே புதர் வெட்டி, மண் கொத்தி, சரிவில் மண் கரைந்து ஓடினாலும் உச்சிப் பச்சை அதை மறைத்துவிடும். மறுபக்கம், மழைக்கு முன் நிழல் மரங்களுக்குக் கவாத்துச் செய்தால், மரம் வெட்டாத இடத்திலும் காடு அழிந்ததுபோல் படம் காட்டும். 1990-களில் பரவிய ஞள்ளாணி ரகம் கூடுதல் வெளிச்சமும் கூடுதல் தண்ணீரும் கேட்பது. அந்தத் தண்ணீருக்காகத் தோட்டங்களில் பிளாஸ்டிக் தாள் விரித்த குளங்கள் தோண்டினார்கள். கோள் அந்தக் குளத்தைப் பார்த்து "நீர்நிலை ஒன்று கூடியது" என்று கணக்கில் சேர்க்கும். தாள் விரித்த குளத்திலிருந்து ஒரு சொட்டும் பூமிக்கு இறங்காது. மேலே ஒருவன் தேக்கியது கீழே பத்துப் பேரின் ஓடைத் தண்ணீராக இருந்திருக்கலாம். படத்தில் நீலம் தெரியும், நியாயம் தெரியாது.

ஐந்தாம் கேள்வி: கண்ணுக்கு எவ்வளவு சிறியது தெரியும்?

லாண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டருக்கு 30 மீட்டர். நமது கணக்கில் சுமார் 22 சென்ட் நிலம் ஒரே புள்ளி. சென்டினல் படத்தில் புள்ளிக்கு இரண்டரை சென்ட். இந்தியக் கோளின் லிஸ்-4 கேமராவில் ஒரு சென்டுக்கும் சற்றுக் குறைவு. ஓடைக்குக் குறுக்கே அடுக்கிய கல் தடுப்பு இதில் எங்கே தெரியப்போகிறது? அதன் பலன் பரவி நின்றால்தான் தெரியும். போதாக்குறைக்கு, நமது சரிவுக்கு முக்கியமான மழை வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அந்த மாதங்களில் மலை மேகத்துக்குள் இருக்கும். சாதாரணக் கண் குருடாகிவிடும். மேகத்தைத் துளைக்கும் ரேடார் கோள்கள் இருக்கின்றன. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து 2025 ஜூலை 30-ல் ஏவிய நிசார் அப்படிப்பட்டது. ஆனால் செங்குத்து மலையில் ரேடாருக்கும் நிழலும் கோணலும் உண்டு. ஆகவே எந்தக் கோளின் படமானாலும் தரையில் நின்று சரிபார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

ஊர் அனுபவம், உலக அனுபவம்

இது வீண் சந்தேகம் என்று யாராவது சொல்வார்களானால், சீனாவைப் பார்க்கட்டும். மஞ்சள் ஆற்றின் நடுப்பகுதியில் உள்ள லோயஸ் பீடபூமி, மண் அரிப்புக்குப் பேர் போனது. 1999 முதல் சரிவு நிலங்களில் உழவை நிறுத்தி மரமும் புல்லும் வளர்த்தார்கள். வானத்துப் படங்களில் பச்சை பரவியது எல்லோருக்கும் தெரிந்தது. ஆற்றில் வண்டலும் குறைந்தது. மகத்தான வேலை, மறுப்பதற்கில்லை. ஆனால் மரம் குடித்தது போக ஆற்றுக்கு வரும் தண்ணீரும் குறைந்தது. இதற்கு மேல் மரம் வைத்தால் மனிதனுக்குத் தண்ணீர் தட்டும் என்று 2016-ல் விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். பச்சை ஒரு கணக்கு; தண்ணீர் வேறொரு கணக்கு. இரண்டையும் தனித்தனியாக அளந்ததால்தான் அவர்களுக்கு உண்மை தெரிந்தது.

நமது நாட்டிலேயே மகாராஷ்டிரம் இருக்கிறது. அங்கே 2014 கடைசியில் தொடங்கிய ஜலயுக்த சிவார் திட்டத்துக்குச் சுமார் 9,600 கோடி ரூபாய் செலவானது. நிலத்தடி நீரைப் பெருக்குவதில் அத்திட்டத்தின் பலன் சொற்பமே என்று தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2020-ல் சொன்னது. தோண்டியது பொய்யல்ல. குழி இருந்தது, தண்ணீர்தான் இல்லை.

ஆந்திரத்தில் வேறு விதமான அனுபவம் உண்டு. வறண்ட ஜில்லாக்களில் 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் உழவர்களே மழைமானி வைத்து, கிணற்றில் கயிறு விட்டு ஆழம் அளந்து, ஊர்ச் சுவரில் எழுதி, இந்தத் தண்ணீருக்கு எந்தப் பயிர் தாங்கும் என்று கூடிப் பேசினார்கள். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஆணும் பெண்ணும் செய்த காரியம் இது. போடியில் ஏன் முடியாது?

படம் யார் கையில்?

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. கண்காணிக்கும் கருவி வந்தபோதெல்லாம் அது முதலில் யாரைப் பார்த்தது? 2005 சட்டத்தின்படி நடந்த நூறு நாள் வேலையை நினைத்துப் பாருங்கள். குட்டை வெட்டியதும் வரப்புப் போட்டதும் பெரும்பாலும் பெண்கள். 2023 ஜனவரி முதல் அவர்களைத் தினமும் இருமுறை செல்போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் கிடைக்காத மலையோரத்தில் படம் ஏறாவிட்டால் வேலை செய்த கூலிக்கே ஆபத்து. மண்வெட்டி பிடித்தவள் வந்தாளா என்று பார்க்கக் கேமரா உண்டு. அவள் கட்டிய வரப்பு இரண்டு மழைக்குத் தாங்கியதா, அதை வரைந்த இஞ்சினீயர் சரியான இடத்தில் வரைந்தாரா, மராமத்துப் பணம் எங்கே போயிற்று என்று பார்க்கிற கேமரா எங்கே?

அந்தக் கேமரா ஏற்கெனவே வானத்தில் சுற்றுகிறது, தோழர்களே! அதன் படத்தை ஊர் ஜனங்களுக்குக் காட்டுவதுதான் நடக்கவில்லை. படம் ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்துக்குப் போகிறது, டில்லிக்குப் போகிறது, ஜில்லா ஆபீசுக்கு வருகிறது. குரங்கணிக்கும் முந்தலுக்கும் வருவதில்லை. எந்த ஊற்று எந்த மாதத்தில் நின்றது என்பது மலையில் பிறந்து வளர்ந்த முதுவாருக்கும் பளியருக்கும் தெரியும். எந்த ஓடையைக் கடக்க முழங்காலளவு தண்ணீர் இருந்தது, இன்று கணுக்கால்கூட நனையவில்லை என்பது ஏலத் தோட்டத்துக்கு நடக்கும் பெண்ணுக்குத் தெரியும். அவர்களிடம் படமில்லை. படம் வைத்திருப்பவரிடம் இந்த ஞாபகம் இல்லை. இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தால் ஒரே நாளில் உண்மை வெளிவந்துவிடும்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: போடி வட்டாரத்தில் நீர்வடிப்பகுதி வேலை நடந்த ஒவ்வொரு ஓடைக்கும், வேலைக்கு முந்தின படமும் பிந்தின படமும் தமிழ் விளக்கத்தோடு ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டப்பட வேண்டும். எந்தத் தேதிப் படம், அந்த வருஷம் எவ்வளவு மழை என்பதும் பக்கத்தில் எழுதப்பட வேண்டும்.

இரண்டு: ஒப்பிடும் படங்கள் ஒரே மாதத்தில், அதுவும் கோடையில் எடுத்தவையாக இருக்க வேண்டும். வேலை நடக்காத பக்கத்து ஓடையின் படமும் உடன் இருக்க வேண்டும்.

மூன்று: பச்சையோடு தண்ணீரும் அளக்கப்பட வேண்டும். ஊருக்குப் பத்துக் கிணறுகளில் மாதந்தோறும் ஆழம். ஓடையில் தண்ணீர் ஓடிய நாட்கள். தடுப்பணையில் சேர்ந்த வண்டல். இந்த வேலையை ஊர் இளைஞருக்கும் பெண்களுக்கும் கூலியோடு கொடுக்கலாம்.

நான்கு: வேலை முடிந்த மறுவருஷம் எடுத்த படத்தோடு கதையை முடிக்காமல், ஐந்தாம் வருஷமும் பத்தாம் வருஷமும் பார்க்க வேண்டும். உடைந்த வரப்பை யார் செப்பனிடுவது, பணம் எங்கே என்பதை முன்னதாகவே தீர்மானிக்க வேண்டும்.

ஐந்து: மலை மேலே யார் எவ்வளவு தண்ணீரைத் தேக்குகிறார்கள் என்ற கணக்கும் அதே சுவரில் வர வேண்டும்.

இவற்றில் ஒன்றும் கஜானாவைக் காலி செய்யும் கோரிக்கை அல்ல. பெரும்பாலான படங்கள் இலவசம். கயிறும் அளவுகோலும் நூறு ரூபாய்க்குள் அடங்கும். சர்க்காருக்கு வேண்டியது மனம் ஒன்றுதான்.

நமக்கு வேண்டியது முயற்சி. தமிழ்நாட்டில் 2022 முதல் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும் என்று விதி. அதில் ஒன்று மார்ச் 22, உலக நீர் தினம். கோடை தொடங்கும் நாள். கிணறு உண்மை பேசும் காலம். இன்னொன்று மே 1, நமது தினம். மார்ச்சில் கிணற்றை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். மே தினத்தில் கொடியேற்றி முடித்த கையோடு கிராம சபைக்குப் போங்கள். வீட்டுக்கொரு செல்போன் இருக்கிறது. படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். புவன் படத்தை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு கையில் வானத்துப் படம், இன்னொரு கையில் கிணற்றுக் கணக்கு. இரண்டையும் மேஜைமேல் வைத்து, "இரண்டும் ஏன் பொருந்தவில்லை?" என்று கேளுங்கள். பொருந்தினால் நல்லது, வேலை செய்தவர்களைப் பாராட்டித் தீர்மானம் போடுங்கள். பொருந்தாவிட்டால் பதில் வருகிற வரையில் எழுந்திராதீர்கள்.

வானத்துக் கண் நன்றாகவே பார்க்கிறது. அது பார்த்ததை நாமும் பார்க்க வேண்டும். அது பார்க்க முடியாததை நாம் சொல்ல வேண்டும். மலையில் வரப்புப் போட்ட கைகளுக்கு, அந்த வரப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவும் உரிமை உண்டு.